செல்லியம்மா கையில் நான் எழுதிய பெயர்

என் பெயர் வேதாச்சலம். சித்தூர்க்காரன். ஏழு வருஷம் திருப்பதியில் பச்சை குத்திப் பிழைத்தேன். அதற்கு முன்பு கடைகளுக்குப் போர்டு எழுதினேன், இப்போதும் அதைத்தான் எழுதுகிறேன். அந்த ஏழு வருஷத்தில் எத்தனை கைகளில் எழுதியிருப்பேனோ, கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கையை மட்டும் மறக்க முடியவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பெரிய வெட்கம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் பஜாரில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் தெலுங்குப் போர்டு தேவைப்பட்டது. எனக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். என் தமிழ் எழுத்து அளவெடுத்த மாதிரி நிற்கும். தெலுங்கு எழுத்துக்கு வேண்டிய உருட்டு மட்டும் என் கைக்கு வரவே இல்லை. ஜவுளிக்கடை நாகபூஷணம் நான் எழுதிக் கொண்டுபோன போர்டைத் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார்.

"ஏமய்யா வேதாச்சலம், இது எழுத்தா, பிழிஞ்சு போட்ட முறுக்கா?" என்றார்.

கடையில் இருந்த ஆறேழு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு மாசம் வரை காதில் கேட்டது. இதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: நாலு பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பின்னால் அதையே தொழிலாக வைத்துக்கொண்டேன்.

சென்னையில் ஒரு பொருட்காட்சி வாசலில் மிஷின் வைத்துப் பச்சை குத்துகிறவனைப் பார்த்தேன். அவன் ஊருக்குத் திரும்பப்போகிறவன். பழைய மிஷினை என்னிடம் தள்ளிவிட்டான். பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கம்பிச்சுருள், முனையில் மூன்று ஊசி, பக்கத்தில் ஒரு பேட்டரி. என் உறவுக்காரர்கள், குறத்திகள் செய்கிற வேலையை நீ செய்வதா என்று முகம் சுளித்தார்கள். நானும் அந்தக் குறத்திகளை விட நான் ஒரு படி உசத்தி என்றுதான் நினைத்தேன், மிஷின் இருக்கிறதே. அவர்கள் கைக்காரியத்தை எட்டிப் பார்த்தாவது கற்றிருக்கலாம். பெயர் எழுதும்போது அவர்கள், குத்திக்கொள்ள வந்தவளுக்குத் துணையாக வந்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டு, இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லி, அப்புறம்தான் ஊசியை எடுப்பார்கள்.

நான் அலிபிரிக்குப் போகிற வழியில் ஒரு புளியமரத்தடியைப் பிடித்தேன். நாமம், மயில், தேள், அனுமார் என்று படம் வரைந்த தட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, வருகிறவர்கள் உட்கார ஒரு பலகை போட்டேன். மலையேறுகிற ஜனங்களும் இறங்குகிற ஜனங்களும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். புரட்டாசியில் நிற்க நேரம் இருக்காது.

தொழிலைப் பற்றிச் சில விஷயம் சொல்லலாம். ஆண்கள்தான் அதிகம் கத்துவார்கள். மீசை முறுக்கிக்கொண்டு தேள் படம் கேட்பவன் மூன்றாவது கொட்டுக்குக் கையை இழுத்துக்கொள்வான். பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்ப்பார்கள். ஏர் பிடிக்கிறவன் தோலில் மை மெதுவாக ஏறும். தறியில் உட்காருகிறவன் தோலில் சட்டென்று பரவும். துணியில் ஒரு இழை தப்பினால் பிரித்துப் போடலாம். போர்டில் தப்பினால் டர்பன்டைன் இருக்கிறது. கையில் தப்பினால் ஒன்றும் இல்லை. இதெல்லாம் எனக்கு முதல் வருஷமே தெரியும். தெரிந்ததைச் செய்தேனா என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். கையில் பச்சை குத்திக்கொள்வார்கள், வாயில் வராது. கூட வந்தவர்கள் யாராவது சொல்வார்கள். யாரும் கூட வராவிட்டால் ஜாடை காட்டுவார்கள். இதைக் கண்டுபிடிப்பதை நான் ஒரு விளையாட்டாக ஆக்கினேன். "அம்மா ஊட்டுக்காரரு பேரு இன்னாவா இருக்கும், யாருனா சொல்லுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பேன். ஆளுக்கொரு பெயராகக் கத்துவார்கள். சரியான பெயர் வந்ததும் அந்தப் பெண் தலையை ஆட்டுவாள். கூட்டம் கைதட்டும். அவள் கூசிப்போய் முகத்தை மூடிக்கொள்வாள், அதற்கும் சிரிப்பார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்களில் பாதிப்பேர் அப்புறம் பலகையில் உட்காருவார்கள். திருவிழாவில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐம்பத்தைந்து புரட்டாசி, மூன்றாவது சனிக்கிழமை. நகரியிலிருந்து ஒரு தெருவே சேர்ந்து வந்த நெசவுக்கார ஜனங்களில் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயசு. பெயர் செல்லியம்மா என்று பின்னால் தெரிந்தது. புருஷன் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தானாம். மலையேறி, அவன் பெயரைக் கையில் எழுதிக்கொள்வதாக வேண்டுதல். கூட வந்தவர்கள் தீர்த்தத்தில் குளிக்கப் போயிருந்தார்கள். அவள் தனியாக வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். படிப்பு கிடையாது.

"பேரு?" என்றேன்.

அவள் மலையைக் கை காட்டினாள். "மேல கீறவரு பேருதான்."

மேலே இருப்பவருக்கு ஆயிரம் பெயர். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தேன். வெங்கடேசன் என்றார்கள், சீனிவாசன் என்றார்கள், கோவிந்தன், கேசவன் என்றார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று விரலை ஆட்டினாள். பின்னாலிருந்து ஒருவன், "ஆதிநாராயணன்" என்றான். அவள் சட்டென்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வீடுகளில் ஒரு பெண், புருஷனுடைய அண்ணன் எதிரே வந்தாலும், அவர் பெயர் காதில் விழுந்தாலும், அப்படித்தான் முந்தானையை இழுத்துக்கொண்டு தலை குனிவாள். மூத்தார் என்றால் அவ்வளவு மரியாதை. எனக்கும் அது தெரியாததில்லை, என் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நான் "பார்த்தீங்களா, புடிச்சுட்டோம்" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு மிஷினை எடுக்கக் குனிந்தேன். கைதட்டல். அதற்குள் யாரோ "வரதராஜன்" என்றும் கத்தியிருக்கிறார்கள். அதுதான் அவள் புருஷன் பெயர். அவள் அதற்கு முகமெல்லாம் மலர்ந்து தலையாட்டியிருக்கிறாள். கைதட்டல் அதற்குத்தான் என்று நினைத்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

ஆதிநாராயணன் என்று எழுதி முடித்தேன். அழகான எழுத்து. அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தடவித் துணி சுற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் பக்கத்தில் பூ விற்கிற ஜெயம்மா, "யோவ், அந்தப் பொண்ணு கடைசிப் பேருக்குத்தான்யா தலைய ஆட்டுச்சு. நீ வேற இன்னாத்தையோ எழுதிட்டியா?" என்று கேட்டாள்.

"எல்லாம் பெருமாள் பேருதான், போ" என்றேன். நகரி ஜனங்கள் அப்போது பஸ் ஸ்டாண்டில்தான் இருந்திருப்பார்கள். எழுந்து நடந்தால் கால் மணி நேரம். நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அதே புரட்டாசியில், பலகையைச் சுற்றி நல்ல கூட்டம் இருந்தபோது ஒருவர் வந்து கைகூப்பி நின்றார். தோளில் ஒரு துண்டு. நெசவுக்காரருடைய கை, விரல் ஓரமெல்லாம் காய்ப்பு.

"எம் பேரு ஆதிநாராயணனுங்க. நகரி" என்றார். தணிந்த குரலில், யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, நடந்ததைச் சொன்னார்.

பொருக்கு உதிர்ந்த அன்று செல்லியம்மா தறியில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் ஆசையாகக் கையை நீட்டியிருக்கிறாள். அவன் படித்துவிட்டு எழுந்து வெளியே போயிருக்கிறான். உங்க பேர் சொன்னதுக்குத்தான் தலையாட்டினேன் என்று அவள் அழுதிருக்கிறாள். உலகத்தில் இத்தனை பெயர் இருக்க, முன்பின் தெரியாத ஒருத்தன் என் அண்ணன் பெயரை மட்டும் எப்படி எழுதுவான் என்று அவன் கேட்டிருக்கிறான்.  கூட்டம் கத்தினதை அவள் சொன்னபோது யாரும் நம்பவில்லை; கூட்டத்தைக் கேட்டு எழுதுவானா ஒருத்தன் என்றார்கள். அவளைப் பிச்சாட்டூரில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பெண்டாட்டி செத்துப்போய்த் தம்பி வீட்டிலேயே இருந்த இந்த மனிதரால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

"நீங்க ஒரு தபா நகரிக்கு வந்து, இது என் கைத்தப்புன்னு என் தம்பியாண்ட சொன்னாப் போதுங்க. அந்தப் பொண்ணு ஒரு பாவமும் அறியாது. அதுக்கு வாழ்க்கை திரும்பிடும். பஸ் சார்ஜு நான் குடுக்கிறேன்" என்றார்.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். பதினைந்து இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். இவன் பெயர் மாற்றி எழுதுகிறவன் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஒருத்தி கூடக் கையை நீட்டமாட்டாள். அதுதான் எனக்குத் தோன்றியது. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி நான் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"நானா யாரு பேரையும் எழுதமாட்டேன்யா. அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன். உங்க ஊட்டு வெவகாரத்தை இங்க ஏன் கொண்டாந்துகினு?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூப்பிய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

ஜெயம்மா அன்று எனக்குப் பூ வைக்கவில்லை. தினமும் மிஷின் மேல் ஒரு முழம் வைப்பாள். மறுநாளிலிருந்து வேறு மரத்தடிக்குப் போய்விட்டாள். 

பெயர் கண்டுபிடிக்கிற விளையாட்டை அந்த வருஷத்தோடு விட்டேன். திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை, பயம். அறுபதில் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. எல்லார் வாயிலும் அதே பேச்சு. வைகாசியில் ஏழுமலை என்று ஒரு நகரிக்காரன், விசைத்தறி வேலைக்காரன், பலகையில் உட்கார்ந்து நாமம் போடச் சொன்னான். வலி தெரியாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டிருப்பது வழக்கம்.

"எங்க தெருவுல ஒருத்தி கதை கேளுங்க. மூத்தாரு பேரைக் கையில குத்திக்கினு வந்து நின்னா" என்று ஆரம்பித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அவ இன்னும் அம்மா ஊட்டுலதான் கீறா. அந்த மூத்தாரு, சாட்சி கூட்டினு வரேன்னு திருப்பதிக்குக் கெளம்பினவரு. மூணு வருசமாச்சு, வூடு திரும்பலை. எல்லைக்கு அந்தாண்ட எங்கியோ கூலிக்கு நெய்யறாருன்னு சொல்லிக்கிறாங்க. சில பேரு செத்தேபோயிட்டாருன்றாங்க."

என் கையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்த முடியாது. அவன் நாமத்தை முடித்தேன். இரண்டு கோடும் கோணலாக வந்தது, அவன் கவனிக்கவில்லை. அன்றைக்கே கடையைக் கட்டினேன். என் வீட்டுக்காரி மனோரமா என்ன ஆச்சு என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். அதுவும் முழுப்பொய் இல்லை.

மறுநாள் நகரியில் வரதராஜனின் வீட்டைக் கண்டுபிடித்தேன். பெயர் குத்தின வீடு என்று கேட்டால் தெருவே கை காட்டுகிறது. வரதராஜன் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: விளையாட்டு, கூட்டம், கத்தினது, நான் எழுதினது.

"அவங்க ஆமான்னு சொன்னதா நான் எப்படி நெனைச்சேன்னா, உங்க அண்ணன் பேரைக் கேட்டதும் முந்தானைய இஸ்து வுட்டுக்கினு தலைய குனிஞ்சாங்க" என்றேன்.

 அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அவ எப்பவும் அப்படித்தாங்க. அண்ணன் பேரை யாரு சொன்னாலும் அப்படித்தான் பண்ணுவா. இந்த ஊட்டுல தெனம் பாத்திருக்கேன்" என்றான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். ஐந்து வருஷமாக அவனுக்குத் தெரிந்திருந்த ஒன்றைத்தான் நான் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. காபி வாங்கிவரச் செய்து கையில் கொடுத்தான். எனக்கு மனசு லேசாகிவிட்டது. தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனுஷனாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை கூட வந்தது.

காபி குடிக்கும்போது கேட்டான். "எங்கண்ணன் உங்களைத் தேடினு வரேன்னுதான் போனாரு. வந்தாருங்களா?"

"ஆயிரம் பேரு வராங்க. ஞாபகம் இல்ல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு பேருமாகப் பிச்சாட்டூர் பஸ் ஏறினோம். செல்லியம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். முழங்கைக்குக் கீழே என் எழுத்து அப்படியே இருந்தது, கொஞ்சம்கூட மங்கவில்லை. அவள் தாயார் பாய் எடுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

"செல்லி, ஊட்டுக்குப் போலாம் வா. தப்பெல்லாம் இவரு மேலதான்" என்றான் வரதராஜன்.

அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. "இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? அஞ்சு வருசமா நானும் அதையேதான சொல்லிக்கினு கீறேன்" என்றாள்.

 நான் நடுவில் புகுந்தேன். என் தொழிலை வைத்து எதையாவது சரிசெய்துவிடலாம் என்று இன்னமும் எனக்கு ஒரு நினைப்பு. "அம்மா, அந்தப் பேரு மேல ஒரு கொடி போட்டுக் குடுக்கிறேன். இலையும் பூவுமா மறைஞ்சிடும். எழுத்து இருந்ததே தெரியாது" என்றேன்.

"வேணாம். மறைச்சா, மறைக்கிறதுக்கு நான் ஏதோ பண்ணினேன்னு ஆயிடும்."

அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க மூத்தாரு உங்களைத் தேடினு வந்தாரே. இன்னா சொல்லி அனுப்புனீங்க?"

வரதராஜன் என் பக்கம் திரும்பினான். நான் ஞாபகம் இல்லை என்று சொன்னது அவன் காதில் இன்னும் இருந்திருக்கும். மறுபடியும் அதையே சொல்லியிருக்கலாம். அவள் பார்வை என்னை விடவில்லை. சொன்னேன். கைகூப்பி நின்றதைச் சொன்னேன். நான் உரக்கப் பேசினதை, அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். வரிசையில் யாரோ சிரித்ததையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வரதராஜன் தெருவில் இறங்கி நின்றுகொண்டான்.

செல்லியம்மா மடியிலிருந்த கடலைத் தோலை உதறினாள். "பேரு மாறினது கைத்தப்பு. நானும் வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம். அதுக்கு உங்களை ஒண்ணும் கேக்கமாட்டேன். வந்து கும்புட்டு நின்ன மனுசரை அனுப்பினது கைத்தப்பு இல்லீங்க" என்றாள். பிறகு தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அவரை இட்டுனு வந்து அந்த ஊட்டுல உக்கார வையுங்க. அப்புறம் நான் வரேன். அவரு இல்லாத ஊட்டுக்கு நான் மட்டும் வந்தா, ஊரு பேசினது நெசமாயிடும்."

தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிஷினை அதன் பிறகு நான் தொடவில்லை. மறுபடியும் சித்தூரில் போர்டு எழுதுகிறேன், வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறேன். கையில் நாலு நாள் வேலை இல்லாவிட்டால் பஸ் ஏறிவிடுவேன். திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம், ஆரணி என்று தறிச் சத்தம் கேட்கிற தெரு ஒன்று விடாமல் நுழைந்து ஆதிநாராயணன் என்று ஒருத்தர் கூலிக்கு நெய்கிறாரா என்று விசாரிக்கிறேன். முதலில் இரண்டு தடவை வரதராஜன் கூட வந்தான். அப்புறம் தறியை விட்டுவிட்டு வர முடியவில்லை, என்னோடு வரப் பிடிக்கவும் இல்லை. பிச்சாட்டூரில் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷமாகிவிட்டது.

போன மாசம் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கூட முதலாளி, "எங்கிட்டயே பேரை மாத்திச் சொல்லிக்கினு வேலை செய்யறவங்க மூணு பேரு இருக்காங்க. உள்ள போய்ப் பாரு, உங்க ஆளு இருந்தா இட்டுனு போ" என்றார்.

உள்ளே போனேன். மூன்று தறியில் மூன்று பேர், ஏறக்குறைய ஒரே வயசு. தறியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். துண்டும், காய்ப்புப் பிடித்த விரல்களும்தான் எனக்கு நினைவில் இருந்தன. அது மூன்று பேருக்கும் இருந்தது. அன்றைக்கு அவர் என் எதிரில் நின்று அவ்வளவு நேரம் பேசியபோது நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.